நீக்கலுக்கும் மௌனத்துக்கும் இடையே

2025 மார்ச் 14. ஹோலி பண்டிகையின் இரவு. தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் அரசு இல்லத்தில், பொருள்கள் வைக்கும் அறை ஒன்றில் தீப்பற்றியது. நீதிபதி அப்போது ஊரில் இல்லை. தீயை அணைக்க வந்தவர்கள் கண்டது, எரிந்தும் எரியாமலும் கிடந்த ரூபாய் நோட்டுகளை. ஒரு வாரம் கழித்துத்தான் செய்தி நாளிதழுக்கு வந்தது. மார்ச் 22-ஆம் தேதி இரவு உச்சநீதிமன்றம், தில்லி தலைமை நீதிபதியின் அறிக்கையையும் எரிந்த நோட்டுகளின் காணொலியையும் தனது இணையதளத்திலேயே வெளியிட்டது. அந்தப் பணத்துக்கும் தனக்கோ தன் குடும்பத்தாருக்கோ தொடர்பில்லை, இது தன்னைச் சிக்கவைக்கும் முயற்சி என்று நீதிபதி மறுத்தார்.

அந்த நாள்களில் எங்கள் தெருவில் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்கள் அனைவரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'ஒரு கிராம நிர்வாக அலுவலர் வீட்டில் இப்படிப் பணம் எரிந்திருந்தால் மறுநாளே பணியிடைநீக்கம் செய்திருப்பார்களே, இவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?'

நான் சட்டம் பயின்றவனல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சட்ட நூல்களையும் தீர்ப்புகளையும் நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது சட்டப் பிரச்னை மட்டுமன்று, ஊக்குவிப்புகளும் தண்டனைகளும் தவறாக அமைக்கப்பட்ட ஒரு பொருளாதாரப் பிரச்னையும்கூட என்று எனக்குத் தோன்றியது.

உச்சநீதிமன்ற நீதிபதியை நீக்குவது குறித்து அரசமைப்புச் சட்டத்தின் 124(4)-ஆவது பிரிவு பேசுகிறது. உயர்நீதிமன்ற நீதிபதிகளுக்கும் அதே முறை பொருந்தும் என்கிறது 218-ஆவது பிரிவு. 'நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை' அல்லது 'இயலாமை' என்னும் இரண்டு காரணங்களுக்காக மட்டுமே நீக்க முடியும். அதற்கு மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் தீர்மானம் நிறைவேற வேண்டும். ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், அவையில் இருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். பிறகே குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பிப்பார். இதற்கான விசாரணை முறையை வகுப்பது 1968-ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டம். மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையொப்பமிட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் அவைத் தலைவரின் விருப்பம். ஏற்றால், உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவர், உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர், சட்ட வல்லுநர் ஒருவர் கொண்ட குழு விசாரிக்கும். குழு குற்றமில்லை என்றால் விஷயம் அத்துடன் முடிந்தது. குற்றம் உண்டு என்றால்தான் அவைகளில் வாக்கெடுப்பு.

அரண் உயரமானது. உயரமாகத்தான் இருக்க வேண்டும். அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்த நீதிபதியை அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட முடியுமானால் நீதிமன்றம் என்று ஒன்று எதற்கு? அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டில், 1949-இல், அலாகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி எஸ்.பி. சின்ஹா கவர்னர் ஜெனரலின் ஆணையால் நீக்கப்பட்டார். 1950-க்குப் பிறகு நாடாளுமன்றத் தீர்மானத்தின் மூலம் ஒரு நீதிபதிகூட நீக்கப்பட்டதில்லை.

மிக அருகில் சென்ற முதல் நிகழ்வு நம் ஊர்க்காரர் ஒருவருடையது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பஞ்சாப்-ஹரியாணா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகி, 1989-இல் உச்சநீதிமன்றம் சென்றவர் வி. ராமசுவாமி. சண்டீகரில் இருந்தபோது அரசு இல்லத்துக்குப் பொருள்கள் வாங்கியதில் விதிகளை மீறி அரசுப் பணத்தை விரயம் செய்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 1991-இல் மக்களவை உறுப்பினர்கள் 108 பேர் கையொப்பமிட்ட தீர்மானத்தை அவைத் தலைவர் ரவி ராய் ஏற்றார். நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான குழு, 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாக அறிக்கை அளித்தது. 1993 மே மாதம் மக்களவையில் விவாதம். சோம்நாத் சாட்டர்ஜி தீர்மானத்தை முன்மொழிந்தார். நீதிபதியின் சார்பில் கபில் சிபல் மணிக்கணக்கில் வாதாடினார். வாக்கெடுப்பில் ஆதரவு 196. எதிர்ப்பு பூஜ்யம். வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 205 பேர். ஆளும் காங்கிரஸ் கட்சியினரும் அதன் தோழமைக் கட்சியினரும்.

எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லாத தீர்மானம் தோற்றது. மொத்த உறுப்பினர்களில் பாதி என்ற எண்ணிக்கையை 196 எட்டவில்லை. ராமசுவாமி 1994 பிப்ரவரியில் முறைப்படி ஓய்வு பெறும்வரை பதவியில் இருந்தார். அப்போது எங்கள் துறையின் ஆசிரியர் அறையில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. தென்னிந்தியர் என்பதால்தான் அவரைக் குறிவைக்கிறார்கள் என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். நானும் அன்று பாதி ஒப்புக்கொண்டேன் என்பதை இப்போது சொல்லத்தான் வேண்டும். சாவந்த் குழுவின் அறிக்கையை நாங்கள் எவரும் படித்திருக்கவில்லை. ஒரு நீதிபதியின் நடத்தை பற்றிய கேள்வி, கட்சிக் கணக்காகவும் பிராந்திய உணர்வாகவும் மாறியது நாடாளுமன்றத்தில் மட்டுமல்ல; எங்கள் ஆசிரியர் அறையிலும்தான்.

இரண்டாவது நிகழ்வு கொல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென் தொடர்பானது. வழக்குரைஞராக இருந்தபோது நீதிமன்றம் அவரை ஒரு வழக்கில் ரிசீவராக நியமித்தது. அப்பொறுப்பில் தம்மிடம் வந்த தொகையைக் கையாடினார் என்பது குற்றச்சாட்டு. 2011 ஆகஸ்ட் 18-இல் மாநிலங்களவை 189 வாக்குகளுடன் தீர்மானத்தை நிறைவேற்றியது. மக்களவையில் வாக்கெடுப்பு நடப்பதற்குச் சில நாள்கள் முன்பு அவர் பதவி விலகினார். தீர்மானம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், தமிழகத்தைச் சேர்ந்தவரும் சிக்கிம் தலைமை நீதிபதியாக இருந்தவருமான பி.டி. தினகரனும் விசாரணைக் குழுவின் முன் விசாரணை முழுமை பெறுவதற்குள் விலகினார். அவர் மீதான நிலக் குற்றச்சாட்டுகள் உண்மையா பொய்யா என்று இன்றுவரை எந்த அமைப்பும் முடிவாகச் சொல்லவில்லை. குற்றவாளி என்றும் இல்லை, நிரபராதி என்றும் இல்லை. அவருக்குமே இது நியாயமா?

பொருளாதார ஆசிரியனாக நான் நின்று யோசித்த இடம் இதுதான். நீக்கப்பட்டால் ஓய்வூதியம் போகும், பெயரும் போகும். விலகினால் ஓய்வூதியம் உண்டு, விசாரணையும் நின்றுவிடும். இப்படி ஒரு பரிசை விலகலுக்கு வைத்துவிட்டு, கடைசி நாளில் ஒருவர் விலகுவதைக் கண்டு நாம் வியப்பதில் பொருளில்லை. கணக்குத் தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார்.

1968-ஆம் ஆண்டு, நமது நீதிபதிகள் விசாரணைச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர், குற்றமும் தண்டனையும் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். தவறு செய்ய நினைப்பவரைத் தடுப்பது தண்டனையின் அளவு மட்டுமல்ல, பிடிபட்டுத் தண்டனை பெறும் வாய்ப்பும் அதனுடன் சேர்ந்ததே என்பது அதன் அடிப்படை. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியின் பெக்காரியா, தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதிப்பாடே முக்கியம் என்று வாதிட்டார். நமது முறையில் தண்டனை ஒன்றே ஒன்று, உச்சபட்ச தண்டனை. அது கிடைக்கும் வாய்ப்போ, எழுபத்தைந்து ஆண்டு அனுபவத்தில், பூஜ்யம். இரண்டையும் பெருக்கினால் விடை என்ன வரும் என்று என் முதலாமாண்டு மாணவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள்.

தண்டனை மிகப் பெரிதாக இருக்கும்போது அதை விதிக்கும் கை தயங்கும் என்பதை நான் நூலில் மட்டும் படிக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய கல்லூரியில் ஓர் ஆசிரியர் மீது புகார் வந்தது. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு மாணவியைத் திட்டமிட்டுப் பழிவாங்கினார் என்பது புகார். விசாரணைக் குழுவில் மூவர், நான் ஒருவன். விடைத்தாள்களைப் பார்த்தோம். புகார் உண்மை என்பதில் எங்கள் மூவருக்கும் ஐயமில்லை. ஆனால், நிரூபணமானது என்று எழுதினால் நிர்வாகம் அவரைப் பணிநீக்கம் செய்துவிடும். அதைத் தவிர வேறு எதையும் அந்த நிர்வாகம் செய்து நாங்கள் பார்த்ததில்லை. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள், வீட்டுக் கடன். பதினைந்து ஆண்டு காலம் ஒரே மேசையில் உணவருந்தியவர். 'போதிய ஆதாரம் இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தலாம், தேர்வுப் பணியிலிருந்து விலக்கலாம் என்ற வழி இருந்திருந்தால் உண்மையையே எழுதியிருப்போம். அந்த மாணவி படிப்பை எங்கள் கல்லூரியில் முடிக்கவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்.

சக ஊழியரைச் சக ஊழியர் விசாரிப்பதில் உள்ள இடர்ப்பாடும், ஒரே தண்டனை மட்டும் உள்ள முறையின் இடர்ப்பாடும் ஒன்று சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

உயர்நீதிமன்றங்களுக்குக் கீழுள்ள நீதிபதிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. மாவட்ட நீதிபதி முதல் உரிமையியல் நீதிபதி வரை அனைவரும் அரசமைப்புச் சட்டத்தின் 235-ஆவது பிரிவின்படி உயர்நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளவர்கள். குறிப்பாணை, விளக்கம் கோரல், துறைசார் விசாரணை, ஊதிய உயர்வு நிறுத்தம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் என்று அங்கே படிப்படியாக எல்லாம் உண்டு. சில வேளைகளில் அளவுக்கு மீறியும் உண்டு. ஜாமீன் வழங்கினால் மேலிடம் என்ன நினைக்குமோ என்று அஞ்சும் நிலையைக் கீழமை நீதிபதிகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அச்சம் மேலே வர வேண்டும் என்று எவரும் விரும்ப மாட்டார்கள். ஆனால், படிநிலையில் ஏறிய மறுநாளே எல்லாப் படிகளும் மறைந்து, 'நீக்கம் அல்லது ஒன்றுமில்லை' என்ற இரண்டே வாசல்கள் மிஞ்சுவது விநோதம்தான்.

இந்த வெற்றிடத்தை நீதித் துறையே உணர்ந்தது. 1995-இல், பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர் மீது வழக்குரைஞர் சங்கங்கள் தீர்மானம் போட்டதையொட்டி எழுந்த ரவிச்சந்திர ஐயர் வழக்கில், நீக்கும் அளவுக்குப் போகாத தவறுகளை என்ன செய்வது என்று உச்சநீதிமன்றம் ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1997-இல் நீதிபதிகளின் நடத்தைக்கான 16 நெறிகள் ஏற்கப்பட்டன. 1999 டிசம்பரில் 'உள்ளக விசாரணை நடைமுறை' ஏற்கப்பட்டது. உயர்நீதிமன்ற நீதிபதி மீதான புகாரில் சாரம் இருப்பதாகத் தோன்றினால், வேறு உயர்நீதிமன்றங்களின் தலைமை நீதிபதிகள் இருவரும் நீதிபதி ஒருவரும் விசாரிப்பார்கள். கடுமையான தவறு என்றால், விலகுமாறு தலைமை நீதிபதி அறிவுறுத்துவார். மறுத்தால் வழக்குகள் ஒதுக்கப்பட மாட்டா. குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் எழுதப்படும். சிறிய தவறு என்றால் அறிவுரை.

வர்மா விவகாரத்தில் நடந்ததும் இதுவே. மூன்று நீதிபதிகள் குழு மே மாதத் தொடக்கத்தில் அறிக்கை தந்தது. அப்போதைய தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா அதைக் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் அனுப்பினார். நடைமுறையே செல்லாது என்று வர்மா தொடுத்த வழக்கை 2025 ஆகஸ்ட் 7-இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஐந்து நாள் கழித்து மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா தீர்மானத்தை ஏற்று, 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூவர் குழுவை அமைத்தார். அதில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.எம். ஸ்ரீவாஸ்தவாவும் ஒருவர். ஒரு விசாரணை முடிந்து, அதன் மேல் மற்றொரு விசாரணை. முதல் குழு திரட்டிய சான்றுகளை இரண்டாவது குழு மீண்டும் தொடக்கத்திலிருந்து கேட்டாக வேண்டும். ஏனெனில் முதலாவதற்குச் சட்டம் இயற்றித் தந்த அதிகாரம் என்று எதுவுமில்லை.

உள்ளக நடைமுறையின் பெரிய குறை அதன் இருட்டு. புகார் கொடுத்தவருக்கு அது என்ன ஆயிற்று என்று தெரியாது. அறிக்கையை வெளியிடத் தேவையில்லை என்று 2003-இல் உச்சநீதிமன்றமே கூறிவிட்டது. தலைமை நீதிபதி மீதே புகார் வந்தால் என்ன செய்வது என்று அந்த நடைமுறை சொல்லவில்லை. 2019-இல் அந்த நிலைமை வந்தது. அப்போதைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் மீது நீதிமன்றத்தின் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் பாலியல் துன்புறுத்தல் புகார் தந்தார். தலைமை நீதிபதி மறுத்தார். ஒரு சனிக்கிழமை கூடிய சிறப்பு அமர்வில் அவரே தலைமை வகித்தார். பிறகு அவருக்கு அடுத்த நிலையிலிருந்த நீதிபதி எஸ்.ஏ. பாப்டே தலைமையில் குழு அமைந்தது. வழக்குரைஞரை உடன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாததால் அந்தப் பெண் விசாரணையிலிருந்து விலகினார். புகாரில் சாரமில்லை என்று குழு முடிவு செய்தது. அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்குக்கூடத் தரப்படவில்லை. குழுவின் முடிவு சரியானதாகவே இருக்கலாம். அதை நாம் நம்புவதற்கான வழியை அந்த நடைமுறை விட்டுவைக்கவில்லை என்பதே என் குறை.

நம் ஊரில் நீதி என்றதும் மனுநீதிச் சோழனைச் சொல்வோம். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலேயே அவருக்குச் சிலை உண்டு. பெற்ற மகனையே தண்டித்த மன்னனைத்தான் எல்லோரும் வியப்பார்கள். எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அரண்மனை வாயிலில் தொங்கிய மணி. அதை எவரும் இழுக்கலாம். ஒரு பசு இழுத்தது; மன்னன் வெளியே வந்து பதில் சொன்னான்.

வேறு கருவி இல்லாத இடத்தில் கையில் கிடைத்த கருவி பயன்படுத்தப்படுகிறது. அதில் முதன்மையானது இடமாற்றம். புகாருக்கு ஆளான தினகரன் கர்நாடகத்திலிருந்து சிக்கிமுக்கு அனுப்பப்பட்டார். சென்னையில் சக நீதிபதிகளுடன் மோதிய சி.எஸ். கர்ணன் கொல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். வர்மா அலாகாபாதுக்கு. 'எங்கள் நீதிமன்றம் என்ன குப்பைத் தொட்டியா' என்று அலாகாபாத் வழக்குரைஞர்கள் கேட்டது கடுமையான சொல்தான். ஆனால் தில்லி மக்களுக்கு ஏற்காத நீதிபதி உத்தரப் பிரதேச மக்களுக்கு எப்படி ஏற்பார் என்ற கேள்விக்கு விடை இல்லை. நேர்மையான நீதிபதிகளையும் இந்த வழக்கம் களங்கப்படுத்துகிறது. இன்று எந்த இடமாற்றம் நடந்தாலும், என்ன தவறு செய்தாரோ என்றே மக்கள் எண்ணுகிறார்கள். நெருக்கடி நிலையின்போது, 1976-இல், உயர்நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் இடமாற்றம் செய்யப்பட்டதை மறந்துவிடக் கூடாது. அன்று அது தவறுக்கான தண்டனை அல்ல. துணிவுக்கான தண்டனை என்றே பலரும் கருதினர்.

மற்றொரு கருவி நீதிமன்ற அவமதிப்பு. கர்ணன் விவகாரம் முற்றி, 2017 மே 9-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. பதவியிலிருக்கும் உயர்நீதிமன்ற நீதிபதிக்கு அப்படி ஒரு தண்டனை அதற்கு முன் விதிக்கப்பட்டதில்லை. ஓய்வு பெற்ற சில நாள்களில் கோவையில் கைதானார். அவருடைய நடத்தையை நான் நியாயப்படுத்தவில்லை. எச்சரிக்கை, கண்டனம், குறிப்பிட்ட காலத்துக்குப் பணி ஒதுக்காமை என்ற இடைப்படிகள் சட்டத்தில் இருந்திருந்தால், விஷயம் நேராகச் சிறை வாசலில் போய் நின்றிருக்காது என்றே கருதுகிறேன்.

உண்மையில் பெரும்பாலான புகார்கள் நீக்கத்துக்கு உரியனவே அல்ல. 2024 செப்டம்பரில் கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் அமர்விலிருந்தபடி சொன்ன தகாத சொற்கள் காணொலியாகப் பரவின. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தானாக முன்வந்து விசாரித்தது, அவர் திறந்த நீதிமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார், விஷயம் முடிக்கப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் உச்சநீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் ஐவர் உட்கார வேண்டிய வேலையா அது? தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் வழங்காமல் இருப்பது அடுத்த ரகம். ஆறு மாதம் தாண்டினால் வழக்கை வேறு அமர்வுக்கு மாற்றக் கோரலாம் என்று 2001-இல் அனில் ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் வழிகாட்டியது. அப்படியிருந்தும், 2022-இல் ஒத்திவைக்கப்பட்ட தீர்ப்பு வரவில்லை என்று ஜார்க்கண்டின் ஆயுள் கைதிகள் 2025-இல் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. சிறையில் காத்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய தவறான நடத்தை எது?

ஊழல் புகார் என்றால் காவல் துறை இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கும் நம் சென்னையே வழிகாட்டி. சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமி மீது 1976-இல் வருமானத்துக்கு அதிகமான சொத்து வழக்கு தொடுக்கப்பட்டது. ஊழல் தடுப்புச் சட்டம் நீதிபதிகளுக்கும் பொருந்தும் என்று 1991-இல் உச்சநீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகக் கூறியது. ஆனால், இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்காமல் வழக்குப் பதிவு செய்யக்கூடாது என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தது. காவல் துறையை ஏவி நீதிபதிகளை மிரட்டும் அரசுகளைத் தடுக்க அது அவசியம்தான். எவ்வளவு காலத்துக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் எங்கும் இல்லை. உயர்நீதிமன்ற நீதிபதிகளும் தன் வரம்புக்குள் வருவார்கள் என்று 2025 ஜனவரியில் லோக்பால் ஆணையிட்டபோது, அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து தடை விதித்தது.

இந்தக் குறைகளை நீக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. சட்ட ஆணையம் 2006-இல் தனது 195-ஆவது அறிக்கையில், தேசிய நீதித் துறை மன்றம் ஒன்றைச் சட்டப்படி அமைத்து, நீக்கத்துக்குக் குறைந்த நடவடிக்கைகளுக்கும் இடமளிக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2010-இல் நீதித் துறைத் தரநிலைகள் மற்றும் பொறுப்புடைமை மசோதா அறிமுகமானது. 2012-இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமல் 2014-இல் மக்களவை கலைந்ததோடு காலாவதியானது. அது காலாவதியானதற்கு நான் முழுதும் வருந்தவில்லை. உயர்நீதிமன்ற நீதிபதி மீதான புகாரை அதே உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் முதலில் பரிசீலிப்பார்கள் என்றது அந்த மசோதா. எங்கள் கல்லூரிக் குழுவின் கதைதான். பொய்ப் புகார் கொடுத்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றும் முதல் வடிவத்தில் இருந்தது. மணியைக் கட்டிவிட்டு, இழுப்பவரின் கையைக் கட்டும் ஏற்பாடு அது.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் உயர்நிலை நீதிபதியை நீக்க நாடாளுமன்றத் தீர்மானம் வேண்டும். அப்படி நீக்கப்பட்டவர் வரலாற்றில் ஒருவரே. 1830-இல், அயர்லாந்தின் கடல்சார் நீதிமன்ற நீதிபதி ஜோனா பாரிங்டன். நீக்கம் என்பது ஏறத்தாழ இல்லை. ஆனால் 2005-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின், நீதிபதிகளின் நடத்தையை விசாரிக்கத் தனி அலுவலகம் இயங்குகிறது. முறையான அறிவுரை, எச்சரிக்கை, கண்டனம் எனப் படிகள் உள்ளன. தலைமை நீதிபதியும் நீதித் துறைக்கான அமைச்சரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும்; ஒருவர் மட்டும் எடுக்க இயலாது. முடிவு நீதிபதியின் பெயருடன் இணையதளத்தில் வெளியாகிறது. கலிஃபோர்னியா மாநிலம் 1960-இலேயே ஆணையம் அமைத்தது. இன்று அதன் 11 உறுப்பினர்களில் நீதிபதிகள் மூவர், வழக்குரைஞர்கள் இருவர், மற்ற ஆறு பேர் பொதுமக்கள். கனடா 2023-இல் தன் சட்டத்தைத் திருத்தி, நீக்கத்துக்குக் குறைந்த நடவடிக்கைகளையும் விசாரணையில் பொதுமக்களின் பங்கேற்பையும் சேர்த்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. அமெரிக்க உச்சநீதிமன்றம் 2023-இல் தனக்கென நடத்தை விதிகளை வெளியிட்டது. மீறினால் யார் விசாரிப்பது என்று மட்டும் அதில் இல்லை.

எதிர்த் திசையில் எச்சரிக்கையாக இருப்பது இலங்கை. தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க அரசுக்கு உவப்பில்லாத தீர்ப்புகளை அளித்த பின், 2012 நவம்பரில் அவர் மீது குற்றப் பிரேரணை வந்தது. விசாரித்த தெரிவுக்குழுவின் 11 உறுப்பினர்களில் ஆளுங்கட்சித் தரப்பினர் எழுவர். நீதிபதி ஒருவர்கூட இல்லை. அந்த விசாரணை செல்லாது என்று நீதிமன்றங்கள் கூறியும், 2013 ஜனவரியில் 155-க்கு 49 என்ற வாக்கில் பிரேரணை நிறைவேறியது. அதிபர் ராஜபக்ச அவரை நீக்கினார். ஆட்சி மாறிய பின், 2015 ஜனவரியில் அவர் திரும்ப வந்து ஒருநாள் பதவி வகித்து மறுநாள் ஓய்வு பெற்றார். பொறுப்புடைமை என்ற பெயரில் எதைச் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நம் அண்டையில் இல்லை.

ஆகவே, ஆளுங்கட்சியின் கைக்கு எட்டாததாகவும், சக நீதிபதிகளின் தயக்கத்தில் மூழ்காததாகவும் ஒரு நிரந்தர அமைப்பு சட்டப்படி வேண்டும். அதில் நீதிபதிகளே பெரும்பான்மையாக இருக்கட்டும். ஆனால் புகாருக்கு ஆளானவரின் நீதிமன்றத்தைச் சேர்ந்தவர்கள் வேண்டாம். ஓய்வு பெற்ற நீதிபதிகளுக்கு இடம் தரலாம். அவர்கள் அதன்பின் எந்த அரசுப் பதவியும் ஏற்கக் கூடாது. அமைச்சர் எவரும் கூடாது. பொதுமக்கள் தரப்பில் இருவராவது இருக்க வேண்டும். தீர்ப்பு தவறு என்பது புகார் ஆகாது; அதற்கு மேல்முறையீடு உண்டு. வழக்கில் தோற்றவர்கள் எழுதும் புகார்களில் பெரும் பகுதி இந்த ஒரு விதியிலேயே கழிந்துவிடும். மீதியுள்ளவற்றுக்கு, ஏற்றோம் அல்லது மறுத்தோம், காரணம் இது என்று மூன்று மாதத்துக்குள் பதில் போக வேண்டும். மறுக்கப்பட்ட புகாரில் நீதிபதியின் பெயர் வெளிவர வேண்டியதில்லை. நிரூபணமானால் வெளிவந்தே ஆக வேண்டும்.

இடைப்பட்ட தண்டனைகளை அரசமைப்புச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 124-ஆவது பிரிவு நீக்கத்தை மட்டுமே சொல்கிறது, வேறொன்று வேண்டுமானால் திருத்தம் தேவை என்பது ஒரு தரப்பு. நாடாளுமன்றச் சட்டமே போதும் என்பது சட்ட ஆணையத்தின் கருத்து. என் எண்ணம், திருத்தமே கொண்டுவருவது நல்லது. தேசிய நீதித் துறை நியமன ஆணையம் 2015-இல் ரத்தானது போல இதுவும் நீதிமன்றத்தில் சிக்கிப் பத்தாண்டு வீணாகக் கூடாது. நியமன ஆணையத்தில் அமைச்சரைச் சேர்த்ததுதான் அன்று முக்கியச் சிக்கல். அதைத் தவிர்த்தாலே எதிர்ப்பின் பாதி குறையும்.

திருத்தத்துக்குக் காத்திராமல் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே செய்யக் கூடியவையும் உள்ளன. தீர்மானத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க அவைத் தலைவர்களுக்குக் கால வரம்பு விதிக்கலாம். 2018-இல் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா மீதான தீர்மானத்தை மாநிலங்களவைத் தலைவர் மூன்றே நாளில் மறுத்தார். வேறு சில தீர்மானங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. உள்ளக விசாரணையில் பதிவான சான்றுகளை அப்படியே ஏற்றுக்கொள்ள வழிசெய்தால் ஒரே விசாரணையை இருமுறை நடத்த வேண்டியிராது. நீதிபதி விலகினாலும் குழு தன் அறிக்கையை எழுதி முடித்து அவையில் வைக்க வேண்டும் என்று ஒரே ஒரு உட்பிரிவைச் சேர்த்தால் போதும். கடைசி நாள் விலகலுக்குக் கிடைக்கும் பரிசில் பாதி மறைந்துவிடும். ஓய்வூதியத்தை அந்த அறிக்கையோடு இணைத்தால் மீதிப் பாதியும் மறையும்.

2025 ஏப்ரலில் உச்சநீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் கூடித் தங்கள் சொத்து விவரங்களை வெளியிட முடிவு செய்து, மே மாதம் முதல் இணையதளத்தில் வெளியிட்டும் வருகின்றனர். எந்தச் சட்டமும் அவர்களை அப்படிச் செய்யக் கட்டாயப்படுத்தவில்லை. அதே போன்றதொரு கூட்டத்தில், உள்ளக நடைமுறையில் முடிவான புகார்களின் எண்ணிக்கையையும் முடிவுகளையும் ஆண்டுதோறும் வெளியிடுவதென அவர்கள் தீர்மானிக்கலாம். அதற்கு நாடாளுமன்றத்தின் 100 கையொப்பங்கள் தேவையில்லை.